அமெரிக்காவின் ‘சுசி’ கோடைத் தலைமைப் பயிற்சி: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்டடி ஆஃப் த யு.எஸ். இன்ஸ்டிடியூட்ஸ் ஃபார் ஸ்டூடன்ட் லீடர்ஸ் என்பது முழுப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும் என்பதால் போய் வந்தவர்கள் எல்லோரும் ‘சுசி’ என்றுதான் சொல்கிறார்கள். கல்லூரியில் என்.எஸ்.எஸ். பொறுப்பைப் பார்த்துக்கொண்ட காலத்தில் இதற்கான விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்க ஆரம்பித்தேன், அந்த வேலை இன்னும் விட்டபாடில்லை. மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது என்ன திட்டம்? யார் நடத்துகிறார்கள்?

மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். பணம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் கல்வி, பண்பாட்டுப் பிரிவு கொடுக்கிறது. பாடம் நடத்துவதும் தங்க இடம் கொடுப்பதும் ஏதாவது ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் அல்லது கல்லூரி. ஆளைப் பிடித்துக் கொடுப்பது அந்தந்த நாட்டில் இருக்கிற அமெரிக்கத் தூதரகம். மொத்தம் ஐந்து வாரம். நான்கு வாரம் ஒரே வளாகத்தில், கடைசி வாரம் சுற்றுப்பயணம். அது பெரும்பாலும் வாஷிங்டனில் முடியும். குழுவுக்கு இருபது பேர் போல இருப்பார்கள். பெரும்பாலான குழுக்கள் கோடையில் போகும், ஜனவரி, பிப்ரவரியில் போகிற குழுக்களும் உண்டு.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைப்பு உண்டு: சுற்றுச்சூழல், பெண்கள் தலைமை, ஊடகம், தொழில்முனைவு, குடிமக்கள் பங்கேற்பு, பல மதத்தவர் சேர்ந்து வாழ்வது என்று. எந்த நாட்டுக்கு எந்தத் தலைப்பு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அரசுப் பணம் என்பதால் பட்ஜெட்டும் அரசியலும் மாறினால் திட்டமும் ஆட்டம் காணும். நம் நாட்டுக்கு அறிவிப்பே வராத ஆண்டும் இருக்கலாம். போன வருஷம் சீனியர் போனார் என்பதை நம்பி இந்த வருஷத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

அடுத்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா ஏன் செலவு செய்கிறது? உள்நோக்கம் இருக்குமா?

இருக்கிறது. அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. நாளை தன் ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கக்கூடிய ஆளாக வரப்போகிறவருக்கு, இருபது வயதிலேயே அமெரிக்காவைப் பக்கத்தில் காட்டிவிட வேண்டும் என்பது கணக்கு.

கணக்கு பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் வெளிநாடுகளில் விட்டுவந்த உபரிச் சாமான்களை விற்ற பணத்தைக் கொண்டு மாணவர் பரிமாற்றம் நடத்தலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் யோசனை சொன்னார். 1946இல் அது சட்டமானது. இந்தியா 1950இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. 1961இல் வந்த ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டத்தின் நிழலில்தான் இன்றைய பரிமாற்றத் திட்டங்கள் நடக்கின்றன. 1947 கோடையில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து மாளிகை ஒன்றில், ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள், இரண்டு வருஷம் முன்பு வரை எதிரெதிர் அணியில் இருந்த நாடுகளின் மாணவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். கோடைப் பயிற்சி என்ற யோசனைக்கு அதையும் ஒரு வேராகச் சொல்லலாம்.

இருண்ட பக்கமும் உண்டு. அமெரிக்காவின் தேசிய மாணவர் சங்கத்துக்கு சி.ஐ.ஏ. ரகசியமாகப் பணம் கொடுத்துவந்ததை 1967இல் ராம்பார்ட்ஸ் இதழ் வெளியில் கொண்டுவந்தது. சுசியில் பணம் யாருடையது என்பது அறிவிப்பின் முதல் வரியிலேயே இருக்கிறது. ஐந்து வாரத்தில் யாரும் யாரையும் கட்சி மாற்றிவிட முடியாது என்பது என் எண்ணம். போய் வந்தவர்களில் அமெரிக்காவை முன்னைவிடக் கடுமையாக விமர்சிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எவ்வளவு செலவாகும்?

விமான டிக்கெட், தங்கும் இடம், சாப்பாடு, புத்தகம், மருத்துவக் காப்பீடு, கைச்செலவுக்குச் சிறு தொகை எல்லாம் அவர்களுடையது. விசாக் கட்டணமும் இல்லை. உங்கள் பையிலிருந்து போவது பாஸ்போர்ட் எடுக்கும் செலவு, நேர்காணலுக்கு வந்துபோகும் செலவு, அப்புறம் ஊருக்கு வாங்கிவரும் சாக்லேட். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவைத்துவிடுங்கள். தேர்வான பிறகு போலீஸ் விசாரணைக்காகக் காத்துக்கொண்டு நகம் கடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யார் விண்ணப்பிக்கலாம்?

வழக்கமாக 18 முதல் 25 வயதுக்குள், இளங்கலைப் படிப்பில் இருப்பவர்கள். பயிற்சி முடிந்து திரும்பிய பிறகும் குறைந்தது ஒரு செமஸ்டராவது படிப்பு பாக்கி இருக்க வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். கடைசி வருஷத்தில் கண்ணில் படும், அதற்குள் தகுதி போயிருக்கும். மூன்று வருஷப் படிப்பு என்றால் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே, பொறியியல் என்றால் மூன்றாம் ஆண்டுக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். எந்தத் துறையாக இருந்தாலும் சரி.

அமெரிக்காவுக்கு இதுவரை போகாதவர்களுக்கு முன்னுரிமை. வெளிநாடே பார்க்காத, சிறிய ஊர்க் கல்லூரி மாணவருக்கு இது சாதகமான இடம். ஆனால் அப்படிப்பட்டவர்தான் “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது” என்று விண்ணப்பமே போடுவதில்லை.

எங்கே விண்ணப்பிப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நேராக எழுதிப் பயனில்லை. அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் நாட்டு அமெரிக்கத் தூதரகமோ துணைத் தூதரகமோ அறிவிப்பு விடும், அங்கேதான் போட வேண்டும். தூதரகம் சிலரைப் பரிந்துரைத்து வாஷிங்டனுக்கு அனுப்பும், முடிவு அங்கே. தமிழ்நாட்டு மாணவர்கள் சென்னைத் துணைத் தூதரகத்தின் சமூக ஊடகப் பக்கங்களையும், இலங்கை மாணவர்கள் கொழும்புத் தூதரகத்தின் பக்கங்களையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் நடுவே சில வாரங்கள்தான் இருக்கும். ஏஜென்ட் என்று யாரும் கிடையாது. “நான் வாங்கித் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து ஓடிவிடுங்கள்.

மார்க் முக்கியமா? என் ஆங்கிலம் சுமார்தான்.

கல்லூரியில் முதல் மாணவராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் மார்க் பட்டியலைப் பார்ப்பார்கள். வரிசையாக அரியர் இருந்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, வகுப்பில் கேட்டுப் புரிந்துகொண்டு திருப்பி ஒரு கேள்வி கேட்க முடிந்தால் போதும். உச்சரிப்பைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை. குழுவில் உள்ள எல்லோருக்குமே அது இரண்டாவது மொழியோ மூன்றாவது மொழியோதான்.

கட்டுரையில் என்ன எழுதுவது?

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். என்னிடம் வரும் பத்துக் கட்டுரைகளில் எட்டு “சிறு வயதிலிருந்தே உலகை மாற்ற வேண்டும் என்பது என் கனவு” என்ற மாதிரிதான் தொடங்கும். அடுத்த வரியில் அப்துல் கலாம் வருவார். அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் படிப்பவர் உங்களைத் தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு மாணவி, தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு வருபவள். முதல் பிரதியில் பெண் கல்வி, பாலினச் சமத்துவம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஒரு வரிகூட அவளுடையதாகத் தெரியவில்லை. “சரி, நீ என்னதான் செய்தாய்?” என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். காலை 7.40 பஸ் கூட்டமாக இருந்தால் அவர்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்காமல் போய்விடும். அடுத்த பஸ் ஒன்பதரைக்கு. முதல் பீரியட் போய்விடும், வருகைப்பதிவு குறையும், “இதற்கு வீட்டிலேயே இருக்கலாம்” என்று அப்பாக்கள் ஆரம்பிப்பார்கள். இவள் மூன்று வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, பஸ் நின்றதா, நிற்கவில்லை என்றால் எத்தனை பெண்கள் விடுபட்டார்கள் என்று எழுதினாள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போனாள். இந்த முறை கூட ஆறு பெண்களையும், ஒரு பெண்ணின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அதற்கப்புறம் பஸ் நின்றது. எல்லா நாளும் இல்லை, பெரும்பாலான நாள்.

“இதெல்லாம் எழுதலாமா சார்?” என்று கேட்டாள். இதைத்தான் எழுத வேண்டும் என்றேன். நோட்டு, தேதி, முதல் தடவை தோற்றது, “எல்லா நாளும் இல்லை” என்பது உட்பட. அவள் தேர்வானாள்.

தூதரகம் தேடுவது திரும்பி வருகிறவரை. வந்து அந்த ஊரில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறவரை. ஆகவே ஊர்ப்பெயர் இருக்கட்டும், எண்ணிக்கை இருக்கட்டும், உங்களுக்கு இன்னும் விடை தெரியாத ஒன்றும் இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நேர்காணலில் உங்கள் கட்டுரையை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். அந்த 7.40 பஸ்ஸைப் பற்றி அவளால் அரை மணி நேரம் பேச முடியும்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? முதல்வரிடமா?

முதல்வருக்கு உங்களைத் தெரியுமா? தெரியாதென்றால் வேண்டாம். உங்களோடு ரத்ததான முகாமில் நாற்காலி தூக்கிப்போட்ட உதவிப் பேராசிரியர் எழுதும் பத்து வரி மேல்.

நேர்காணல் எப்படி இருக்கும்?

இருபது, முப்பது நிமிடம். நேரிலோ இணையத்திலோ. கேள்விகள் எளிமையாகத்தான் தோன்றும்: ஏன் இந்தத் தலைப்பு, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரோடு எப்படி வேலை செய்தீர்கள், திரும்பி வந்து என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்கு “ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பிப்பேன்” என்று சொல்லாதவர் இல்லை. அதைத் தவிர வேறு எதையாவது யோசித்துக்கொண்டு போங்கள்.

விசா எப்படி? இரண்டு வருஷம் திரும்பப் போக முடியாது என்கிறார்களே?

இது ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அமெரிக்கத் தரப்பிலிருந்து டி.எஸ்-2019 என்ற படிவம் வரும். அதை வைத்து டி.எஸ்-160ஐ இணையத்தில் நிரப்பி, நேர்காணலுக்குப் போக வேண்டும். சென்னையில் என்றால் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அந்த நீள வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். அரசே அழைத்ததால் விசா கட்டாயம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விசா அதிகாரி தனியாகத்தான் முடிவெடுப்பார்.

இரண்டு வருஷ விதியைக் கவனமாகப் படியுங்கள். பாதி தெரிந்து பயப்படுகிறவர்களும் உண்டு, தெரியாமல் போய்ப் பிறகு தலையில் கை வைத்தவர்களும் உண்டு. அமெரிக்க அரசின் பணத்தில் ஜே-1இல் போனவர், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருஷம் இருந்து முடிக்கும்வரை ஹெச்-1பி வேலை விசா, நிறுவனத்துக்குள் மாற்றலாகிப் போகிறவர்களுக்கான எல் விசா, மணம் முடிக்கப் போகிறவர்களுக்கான கே விசா, கிரீன் கார்டு ஆகியவற்றைப் பெற முடியாது. எஃப்-1 மாணவர் விசாவுக்கும் சுற்றுலா விசாவுக்கும் இந்தத் தடை இல்லை. அதாவது எம்.எஸ். படிக்க அடுத்த வருஷமே போகலாம். ஆனால் அங்கே படிக்கும் இரண்டு வருஷம் இந்தக் கணக்கில் சேராது. படித்து முடித்து, வேலை கிடைத்து, நிறுவனம் ஹெச்-1பி போடும்போது இந்தப் பழைய விதி வந்து முன்னால் நிற்கும்.

“இரண்டு வருஷத் தடை உள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்களே” என்று சிலர் சொல்வார்கள். 2024 டிசம்பரில் எடுத்தது உண்மைதான். ஆனால் அது, எந்த நாட்டுக்கு எந்தத் தொழில்திறன் தேவை என்று சொல்லும் பட்டியலால் வரும் தடை. அரசுப் பணத்தால் வரும் தடை வேறு, அது அப்படியே இருக்கிறது. விலக்குக் கேட்க வழி உண்டு, அமெரிக்க அரசுப் பணத்தில் போனவர்களுக்கு அது லேசில் கிடைப்பதில்லை. படித்தவுடன் அங்கேயே வேலையில் உட்கார்வதுதான் உங்கள் ஒரே திட்டம் என்றால், சுசிக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அங்கே ஐந்து வாரமும் என்ன செய்வார்கள்? ‘தலைமை’யைப் பாடமாக நடத்த முடியுமா?

காலையில் வகுப்பு: அமெரிக்க அரசமைப்பு, சிவில் உரிமைப் போராட்டம், குழுவின் தலைப்பு. மதியம் வெளியே. நகராட்சிக் கூட்டம், உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகம், தொண்டு அமைப்புகள். வாரக் கடைசியில் ஏதாவது ஒரு சேவை வேலை. போய் வந்த ஒரு பையனுக்கு மனதில் நின்றது உணவு வங்கியில் டின்களைப் பிரித்த வேலைதான். பீன்ஸ் டின்னை எடுத்துத் தேதி பார்க்க வேண்டும், நசுங்கியிருக்கிறதா என்று விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும், சரியாக இருந்தால் பெட்டிக்குள். மூன்று மணி நேரம். “அமெரிக்காவில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை சார்” என்றான். ஒரு நாள் உள்ளூர்க் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடும். கடைசியில், ஊருக்குத் திரும்பிச் செய்யப்போகும் சிறு வேலைக்கு ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும்.

தலைமையைப் பாடமாக நடத்த முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். காகிதத்தில் வட்டம் போட்டு உங்கள் பலம், பலவீனம் எழுதச் சொல்லும் பயிற்சிகளும் நடக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். நடுவே எதிர்பாராமல் நடப்பதுதான் மனதில் நிற்கும். கோஃபி அன்னான் இதற்கு நல்ல உதாரணம். கானா மாணவராக இருந்த அவரை ஃபோர்டு அறக்கட்டளையின் வெளிநாட்டு மாணவர் தலைமைத் திட்டம் 1959இல் மினசோட்டாவின் மெக்காலஸ்டர் கல்லூரிக்குக் கொண்டுபோனது. அது கோடைப் பயிற்சி இல்லை, முழுப் படிப்பு. அங்கே குளிருக்கு எல்லோரும் காதை மூடும் பஞ்சுப் பட்டையை மாட்டிக்கொண்டு திரிய, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இவர் மட்டும் மறுத்தார். ஒரு நாள் காது உறைந்துபோகும் நிலைக்கு வந்ததும் போய் இருப்பதிலேயே பெரிய ஜோடியாக வாங்கினார். உள்ளூர்க்காரர்களைவிட நமக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கக் கூடாது என்பதை அன்று கற்றதாக ஐ.நா. பொதுச் செயலாளரான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா நியூ ஜெர்சியில் இருக்கிறார். முடிந்ததும் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாமா?

முடியாது. எல்லோரும் சேர்ந்து போய், முடிந்ததும் திரும்ப வேண்டும். நடுவில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புவதும் நடக்காது, வகுப்புக்கு மட்டம் போடவும் முடியாது. மாமாவிடம் போனில் பேசிக்கொள்ளுங்கள்.

பெண்ணைத் தனியாக அனுப்பலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பெற்றோரின் இந்த இரண்டு கேள்விகளும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். தங்குவது பெரும்பாலும் பல்கலைக்கழக விடுதியில், இன்னொரு மாணவியோடு ஒரே அறையில். கூடவே பொறுப்பாளர்கள் இருப்பார்கள். சைவம் கிடைக்கும், ஹலால் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். ருசிக்கு நான் பொறுப்பில்லை. மூன்றாவது வாரத்தில் ரசத்தை நினைத்து ஏங்காத பிள்ளையே கிடையாது.

“சர்வதேச இளைஞர் தலைமை மாநாட்டுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்” என்று மெயில் வந்திருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றா?

இல்லை. விண்ணப்பிக்காமலே தேர்வானீர்களா? மூன்று நாளுக்குள் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்களா? நான்கு நாள் ஒரு ஓட்டலில் நடக்கிறதா? அப்படியானால் அது சுற்றுலா, சான்றிதழ் இலவச இணைப்பு. எல்லாமே மோசடி என்று சொல்லமாட்டேன், சிலவற்றில் நல்ல நண்பர்கள் கிடைக்கலாம். ஆனால் நகையை அடகு வைத்து அனுப்பிய ஒரு வீடு எனக்குத் தெரியும். அந்தப் பையன் கொண்டுவந்தது கழுத்தில் மாட்டும் ஒரு அடையாள அட்டையும் நூறு புகைப்படங்களும். யார் காசில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள், மற்றது தானாக விளங்கும்.

தேர்வாகவில்லை என்றால்?

தகுதி இருக்கும்வரை அடுத்த ஆண்டும் போடலாம். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்களுக்கு, 2013இல் ஒபாமா காலத்தில் தொடங்கிய ஒய்சீலி என்ற தென்கிழக்காசிய இளையோர் திட்டம் இதே பாணியில், இதே ஐந்து வாரக் கணக்கில் நடந்துவந்தது, இப்போதும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா என்றால், ஆஸ்திரியாவில் மலைக் கிராமமான ஆல்ப்பாக்கில் 1945 முதல் நடக்கும் கோடை மன்றமும், 1947இல் தொடங்கிய ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் சர்வதேசக் கோடைப் பள்ளியும் உதவித்தொகை தந்துவந்தவை. இந்த ஆண்டும் உண்டா, பயணச் செலவு அதில் அடங்குமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன எடுத்துப்போவது?

ஒரு ஸ்வெட்டர். ஜூலை மாதம்தானே என்று நினைப்பீர்கள். வெளியே வெயில் கொளுத்தும், வகுப்பறையில் ஏ.சி. எலும்பைத் துளைக்கும். வீட்டுக்கு அழைக்கும் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு பரிசு. இட்லிப் பொடி தாராளமாகப் போகும். பச்சைக் கறிவேப்பிலை போகாது, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிவரும் என்பதால் தடை. விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால், பொடியை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அம்மா கடைசி நிமிடத்தில் துணிக்கு நடுவே எதையாவது செருகியிருப்பார்கள், பெட்டியைப் பூட்டும் முன் ஒருமுறை கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.